தலையில் கம்பி வைத்தால் பத்து வருடம் கழித்து என்ன ஆகும்?

(இந்த மாதக் கேள்விகள் எல்லாம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. பரம்பரையாக வரும் பார்க்கின்சன் நோயையும், அதற்காக மூளைக்குள் கம்பி வைத்துச் செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையையும் பற்றியவை. பதில் எழுதுபவர் அந்த வட்டாரத் தோட்டத்தில் பிறந்து, நரம்பியல் வார்டில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: அன்புள்ள அக்கா, என் கணவருக்கு 47 வயது. செம்பனை ஆலையில் வேலை. 35 வயதிலேயே வலது கால் இழுக்கத் தொடங்கியது. இப்போது கொழுந்தனாருக்கும் கை நடுங்குகிறது. மாமனாரும் மாமியாரும் அத்தை மகன், மாமன் மகள். இரத்தம் எடுத்துப் பார்த்து, 'பார்க்கின்' என்ற மரபணுவில் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். மூளையில் கம்பி வைக்கலாம் என்கிறார் டாக்டர். "மண்டையைத் துளைத்தால் பத்து வருடத்தில் படுத்த படுக்கைதான், பரம்பரை நோய்க்கு ஆபரேஷன் பலிக்காது" என்கிறார் பெரியப்பா. நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?
— தோட்டப்புற வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கைக்கு, கம்பி வைத்தால் படுக்கைதான் என்பதும் உண்மையல்ல, பரம்பரை நோய்க்குப் பலிக்காது என்பதும் உண்மையல்ல. சொல்லப்போனால், உங்கள் கணவருக்கு இருக்கும் பார்க்கின் கோளாறு, இந்தச் சிகிச்சையின் பலன் நெடுநாள் நிற்கக்கூடிய வகைகளில் ஒன்று. இதை வார்டில் பார்த்திருக்கிறேன், வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அண்ணனுக்கும் அதே கோளாறுதான்.

அண்ணன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன்பே நிரைக்குப் போய்விடுவார். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும் உள்மரத்தில் காயம் பட்டுவிடும். பிறகு அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். அண்ணனின் நிரையில் அப்படிக் காயம்பட்ட மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. "குடித்துவிட்டு வெட்டுகிறாயா?" என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கேட்டார். அண்ணன் கள்ளைத் தொட்டதுகூட இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்த வயதில் பார்க்கின்சன் வரும் என்று தோட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பார்க்கின் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. பார்க்கினில் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் வரும். ஒரே பாட்டன் வழி வந்தவர்கள் மணந்துகொள்ளும்போது அந்தப் பழுதான இரண்டும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர வாய்ப்புக் கூடுகிறது. அத்தை மகனையும் மாமன் மகளையும் சேர்த்து வைக்கும் நம் வீடுகளில் இதைக் குற்றமாகப் பேசவேண்டிய அவசியம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகை பெரும்பாலும் 40 வயதுக்குள் தலைகாட்டும். காலையில் எழுந்ததும் கால்விரல் மடங்கி இழுக்கும். லெவோடோபா மாத்திரை, அதாவது நம் ஊர் கிளினிக்கில் கொடுக்கும் மடோபார், சிறிய அளவிலேயே நன்றாகக் கேட்கும். ஆனால் சில வருடங்களில் மாத்திரை பிடிக்கும்போது உடம்பு தானாக நெளியத் தொடங்கும். விட்டுப்போகும்போது மரக்கட்டைபோல் ஆகிவிடும். மற்றபடி நோய் மெல்லத்தான் நகரும். மோப்பம் பெரும்பாலும் கெடுவதில்லை. பால் ஸ்டோர் வாடையை அண்ணன் இன்றைக்கும் தூரத்திலேயே சொல்லிவிடுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆறுதல், ஞாபகமும் புத்தியும் பல பத்தாண்டுகள் கழித்தும் பெரும்பாலானவர்களுக்குத் தெளிவாகவே இருக்கின்றன. அறுவைக்குப் பின் பத்தாம் வருடம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சிகிச்சை இதுதான். மூளையின் நடுவே சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று ஒரு சிறு முடிச்சு, இரு பக்கமும் ஒவ்வொன்று. பார்க்கின்சன் நோயில் அது ஓயாமல், தாறுமாறாகக் கூவிக்கொண்டிருக்கும். அதற்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, நெஞ்சில் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்த மின்கலத்தோடு இணைக்கிறார்கள். நொடிக்கு 130 தடவை அளவில் சிறு மின்துடிப்பு போய்க்கொண்டே இருக்கும். பிரான்சின் கிரனோபில் நகரில் அலிம் லூயி பெனாபிட் 1987-இல் முதலில் நடுக்கத்துக்காக மூளையின் வேறோர் இடத்தில் இப்படிக் கம்பி வைத்தார். 1993-இல் இந்த முடிச்சுக்கு வந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் மூளையின் சிறு பகுதியைச் சுட்டுப் பொசுக்குவார்கள். அது மீளாது. இதை வேண்டுமானால் அணைக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

டாக்டர் உங்களை முதலில் மாத்திரைச் சோதனைக்குக் கூப்பிடுவார். முந்தின இரவிலிருந்து மாத்திரை கொடுக்க மாட்டார்கள். காலையில் அண்ணனைச் சக்கர நாற்காலியில்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டச் சொன்னார்கள். நாலைந்து தட்டலிலேயே விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. எழுந்து நிற்கச் சொன்னார்கள், முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய அளவில் லெவோடோபாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணன் தானாகவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மறுபடி அதே சோதனை, அதே மதிப்பெண் தாள். மாத்திரையால் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் தெரிந்தால்தான் அறுவையைப் பற்றி மேற்கொண்டு பேசுவார்கள்.

ஏன் தெரியுமா? மாத்திரை தன் மிகச் சிறந்த நேரத்தில் எதைக் கொடுக்கிறதோ, அதை நாள் முழுக்கப் பரப்பிக் கொடுப்பதுதான் கம்பியின் வேலை. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்குக் கேட்காத நடுக்கத்தையும் கம்பி அடக்கிவிடும். ஆகவே உங்கள் கணவரை அவருடைய நல்ல நேரத்தில் உட்கார வைத்துக் கவனியுங்கள். அந்த நேரத்திலும் அவர் திரும்பும்போது தடுமாறுகிறாரா, குரல் உள்ளே போகிறதா, சோறு விக்குகிறதா? அப்படி இருந்தால் அவை அறுவைக்குப் பிறகும் இருக்கும். அந்த நேரத்தில் அவர் சாதாரண மனிதர்போல் நடந்தால், நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது.

இனி பெரியப்பாவின் பத்து வருடக் கணக்குக்கு வருகிறேன். கிரனோபில் குழு 49 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் ஐந்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. மாத்திரை இல்லாமல் பார்த்த அசைவு மதிப்பெண் ஐந்தாம் வருடத்திலும் 54 விழுக்காடு மேம்பட்டிருந்தது. பிறகு 2021-இல் இன்னொரு கணக்கு வந்தது; அறுவை செய்து 15 ஆண்டுக்கு மேலான 51 பேர். உடம்பு நெளியும் நேரம் அப்போதும் 75 விழுக்காடு குறைவு, மாத்திரை விட்டுப்போகும் நேரம் ஏறக்குறைய 59 விழுக்காடு குறைவு, மாத்திரை அளவு பாதி. பதினைந்து வருடத்துக்குப் பிறகு, தங்கையே! ஆனால் அதே மனிதர்களுக்கு நடையும் சமநிலையும் பேச்சும் வருடத்துக்கு வருடம் கீழேதான் இறங்கின. நோய் அடியில் நடந்துகொண்டே இருக்கிறது. கம்பி அதை நிறுத்தவில்லை. பெரியப்பா எங்கோ ஒருவரைப் படுக்கையில் பார்த்திருப்பார். அவரைப் படுக்க வைத்தது நோய், கம்பி அல்ல.

இவை பொதுவாக எல்லா நோயாளிகளின் கணக்கு. மரபணு வாரியாகப் பார்த்தவர்கள், பார்க்கின், எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ. என்று எந்த மரபணுவில் கோளாறானாலும் பெரும்பாலும் அசைவில் தொடக்கப் பலன் நன்றாகவே இருப்பதைக் கண்டார்கள். வேறுபாடு பின்னால்தான் வருகிறது. பார்க்கின் உள்ளவர்களுக்கும், எல்.ஆர்.ஆர்.கே.2-இல் ஜி2019எஸ் என்ற மாற்றம் உள்ளவர்களுக்கும் பலன் நீடிக்கிறது. ஜி.பி.ஏ. உள்ளவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் சீக்கிரம் வருகிறது. எஸ்.என்.சி.ஏ. என்ற மரபணுவே இரட்டித்துப் போனவர்கள் மிக அரிது. அவர்களுக்கும் அசைவு முதலில் நன்றாகி, மனமும் புத்தியும் பிறகு தளர்ந்ததாகத்தான் மருத்துவக் குறிப்புகள் சொல்கின்றன. அதனால்தான் நான் யாரைப் பார்த்தாலும், இளவயதில் வந்த நோயானாலும் வீட்டில் இன்னொருவருக்கு இருந்தாலும், கம்பி வைக்குமுன் மரபணுவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் அதை முதலிலேயே செய்துவிட்டார். நல்ல கையில் இருக்கிறீர்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமை ஆகாது. அறுவை நடந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. கை நடுங்குவதில்லை. நெளிவு போயே போய்விட்டது. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார், சோற்றைத் தானே பிசைகிறார், பேப்பரை மடித்து அரசியல் பக்கத்தைப் படித்துவிட்டு என்னோடு வாதாடுகிறார். பேச்சு குழறுகிறது, போனில் வெளியார் யாருக்கும் புரிவதில்லை. வாசற்படி தாண்டும்போது ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் அறுவைக்கு முன்பே டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார், அதனால் ஏமாற்றம் இல்லை.

ஆபத்தையும் மறைக்க மாட்டேன். மூளையில் இரத்தக் கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம். கருவி இருக்கும் இடத்தில் சீழ் பிடிப்பது அதைவிடச் சற்று அதிகம். பிடித்தால் சில சமயம் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். கம்பி வைத்த முதல் சில நாள்கள், மின்சாரம் கொடுக்குமுன்பே ஆள் நன்றாக இருப்பார். கம்பி நுழைந்த இடத்தின் வீக்கத்தால் வரும் தற்காலிக நன்மை அது. வீக்கம் வடிந்ததும் நடுக்கம் திரும்பும். அப்போது "போச்சு, எல்லாம் வீண்" என்று அழாதீர்கள். அதன் பிறகுதான் கருவியை இயக்கி, சில மாதங்கள் கிளினிக்குக்கு வரவழைத்து அளவு சரிபார்ப்பார்கள். மாத்திரையை வேகமாகக் குறைத்தால் சிலருக்கு மனம் சோர்ந்துவிடும். முதல் வருடம் அவர் முகத்தைக் கவனியுங்கள். பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் கைவிட்டுப்போன பிறகு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2013-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், 60 வயதைத் தாண்டாத 251 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மாத்திரைத் தொல்லை தொடங்கிய சில காலத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத்தரம் இரண்டாண்டில் கணிசமாக மேம்பட்டது. மாத்திரையோடு மட்டும் இருந்தவர்களுக்கு அந்த மேம்பாடு இல்லை. உங்கள் கணவர் இன்னும் வேலைக்குப் போகிறார். காக்க வேண்டிய வேலை இருக்கும்போதே செய்வது நல்லது.

பணத்துக்கு: அரசு மருத்துவமனையின் வார்டுக் கட்டணம் நம்மை அழுத்தாது, கருவியின் விலைதான் அழுத்தும்; பல பத்தாயிரம் ரிங்கிட். மருத்துவமனையிலேயே சமூகநல அதிகாரி இருப்பார். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் வழியாக விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமநிதியான ஈ.பி.எஃப். சேமிப்பிலிருந்து மருத்துவச் செலவுக்கு எடுக்கவும் வழி உண்டு. நகையை அடகு வைக்குமுன் இந்த இரண்டு கதவையும் தட்டுங்கள்.

கேள்வி: சிஸ்டர், அம்மாவுக்கு 58 வயது. எட்டு வருடமாக இந்த நோய். நாளுக்கு ஆறு வேளை மாத்திரை. எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கம்பி வைத்து ஆளே மாறிவிட்டார். அம்மாவுக்கும் வையுங்கள் என்று கேட்டால், மரபணுச் சோதனையில் ஜி.பி.ஏ. வந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்கள். தோட்டத்துக்காரர்கள், பணம் இல்லை என்றுதான் தட்டிக் கழிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.
— மகன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. தோட்டத்து ஆளென்றால் காக்க வைக்கலாம் என்று நினைத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தயக்கம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பணக்கார வீட்டு அம்மாவாக இருந்தாலும் ஒரு நல்ல டாக்டர் இந்த இடத்தில் நின்று யோசிப்பார்.

ஜி.பி.ஏ. என்பது உயிரணுவுக்குள் சேரும் ஒருவகைக் கொழுப்புக் கழிவை அரைத்துத் தள்ளும் நொதிக்கான மரபணு. இரண்டு பிரதியும் பழுதானால் கோஷே என்ற வேறொரு நோய். ஒரே பிரதி பழுதானால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வந்தால், ஞாபகமும் திட்டமிடும் திறனும் சற்று முன்னதாகவே தளரக்கூடும். இந்த மரபணுவிலேயே லேசான மாற்றமும் உண்டு, கடுமையான மாற்றமும் உண்டு. ஆசிய நாடுகளில் அடிக்கடி காணப்படும் எல்444பி கடுமையான வகையில் சேரும். அம்மாவின் அறிக்கையில் எந்த மாற்றம் எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்.

2022-இல் வந்த ஓர் ஆய்வு 366 நோயாளிகளை நான்காகப் பிரித்துப் பார்த்தது: ஜி.பி.ஏ. மாற்றம் உள்ளவர், இல்லாதவர். அவர்களிலும் கம்பி வைத்தவர், வைக்காதவர். கம்பி எல்லாம் நான் மேலே சொன்ன சப்தலாமிக் முடிச்சில் வைத்தது. வருடங்கள் போகப்போக, புத்தித்திறன் மதிப்பெண் மிக வேகமாக இறங்கியது ஒரே கூட்டத்துக்குத்தான்: ஜி.பி.ஏ. மாற்றமும் இருந்து, கம்பியும் வைத்தவர்களுக்கு. ஜி.பி.ஏ. இருந்தும் கம்பி வைக்காதவர்கள் அவ்வளவு வேகமாக இறங்கவில்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையல்ல இது. ஆகவே டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையும் காலும் சில வருடங்கள் நன்றாக வேலை செய்வதே பெரும் பேறு, அதை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கும் நிபுணர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், வீட்டை நினைத்துப் பார் என்பேன். இப்போது அம்மா மாத்திரை விட்டுப்போனதும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். சிரமம்தான், ஆனால் அங்கேயே இருக்கிறார். கால் நன்றாக நடந்து, வழி மட்டும் மறந்துபோனால்? அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனால்? லைன் வீட்டிலிருந்து இறங்கினால் லாரி போகும் சாலை. நீயும் உன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் யார் இருப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

அடுத்த தேதியில் டாக்டரிடம் சண்டைக்குப் போகாமல், அம்மாவுக்கு விரிவான ஞாபகத்திறன் சோதனை வைக்கும்படி கேள். தமிழில் பேசத் தெரிந்தவர் கூட இருக்கட்டும். மலாய் புரியாமல் திணறுவதை ஞாபக மறதி என்று எழுதிவிடக் கூடாது. இது என் அனுபவத்தில் முக்கியமான விஷயம். அம்மா இல்லாத ஆள்களைப் பார்க்கிறாரா, முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவதாகச் சொல்கிறாரா, பழகிய குழம்பைச் செய்யும்போது எதை முதலில் போடுவது என்று குழம்புகிறாரா? இதையெல்லாம் எழுதிக் கொண்டுபோ. சோதனையில் அம்மா தெளிவாக இருந்து, உடம்பு நெளிவுதான் பெரிய தொல்லை என்றால், சப்தலாமிக் முடிச்சை விட்டுக் குளோபஸ் பாலிடஸ் என்ற வேறிடத்தில் வைப்பது பொருந்துமா என்று கேள். 299 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில் இரண்டு இடமும் அசைவில் ஏறக்குறைய ஒரே பலன்தான் கொடுத்தன. குளோபஸ் பாலிடஸில் வைத்தால் மாத்திரையை அதிகம் குறைக்க முடியாது என்பது மட்டும் குறை. கம்பியே வேண்டாம் என்று முடிவானாலும் கை விரித்துவிடவில்லை: அப்போமார்ஃபின் மருந்தைத் தோலுக்கடியில் சிறு பம்ப் மூலம் செலுத்துவது, லெவோடோபா கூழை நேராகக் குடலுக்குள் செலுத்துவது ஆகிய வழிகளும் உண்டு.

இன்னொன்று. இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. நம் மக்களின் மரபணுக்கள் அந்தப் பட்டியலில் மிகக் குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் குழு பல ஆண்டுகளாக மலாய், சீன, இந்திய நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்து வருகிறது. உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டத்திலும் சேர்ந்திருக்கிறது. ஆய்வுக்கு இரத்தம் கொடுக்கச் சொன்னால், விவரம் கேட்டுக்கொண்டு, பயப்படாமல் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்முடைய கணக்கு வேண்டும்.

கேள்வி: என் அண்ணனுக்குப் பார்க்கின் கோளாறு, இரண்டு பிரதியிலும். அவர் மகளை என் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். எனக்கு 55 வயது, நோய் எதுவும் இல்லை. கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?
— அத்தை, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நிறுத்துமுன் ஓர் இரத்தச் சோதனை போதும். கணக்கைச் சொல்கிறேன். உங்கள் அண்ணன் மகளிடம் பழுதான பிரதி ஒன்று நிச்சயம் இருக்கும். அது ஒன்று மட்டும் என்றால் அவளுக்கு நோய் வராது. உங்கள் பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுது இருந்திருக்கும். நோயில்லாத உங்களிடம் ஒரு பழுது இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அது உங்கள் மகனுக்குப் போயிருக்க அதில் பாதி, அதாவது மூன்றில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒன்று. எல்லாம் பெருக்கினால் இன்றைக்குப் பன்னிரண்டில் ஒன்று. அண்ணனின் அறிக்கையில் உள்ள அதே மாற்றங்கள் மாப்பிள்ளையிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வழியில் அவர்கள் பிள்ளைகளுக்கு நோய் வராது; தாராளமாகப் பந்தல் போடுங்கள். இருந்தால், மரபணு ஆலோசகரிடம் இருவரையும் அழைத்துப்போய், முடிவை அவர்களிடமே விடுங்கள். பெண்ணின் அப்பாவுக்கு நோய் என்பதைச் சொல்லிக் காட்டி யாரும் அவள் மனத்தைப் புண்படுத்தக் கூடாது.

எல்.ஆர்.ஆர்.கே.2 குடும்பங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே ஒரே பிரதி போதும். பிள்ளைக்கு அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு, போனாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அந்த மரபணுவில் ஜி2385ஆர் என்ற மாற்றம் நம் நாட்டுச் சீனரிடையே பரவலாக உண்டு. அது ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கும், அவ்வளவே.

கேள்வி: பூனைக்காலி விதைப்பொடி சாப்பிட்டால் கம்பி வேண்டாம் என்கிறாரே வைத்தியர்?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பூனைக்காலி விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. ஆகவே அது கேட்கும். ஆனால் ஒவ்வொரு பொடியிலும் எவ்வளவு இருக்கிறது என்பது மாறும். மடோபாரோடு சேர்த்துச் சாப்பிட்டால் நெளிவு கூடும், தலை சுற்றும், சிலருக்கு மனக்குழப்பம் வரும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது உயிருக்கே ஆபத்து. சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் போன வருடம் கம்பி வைத்தோம். வீட்டில் எதை எதைத் தவிர்க்க வேண்டும்? ஆற்றில் குளிக்கலாமா? எனக்கு வெல்டிங் பட்டறை இருக்கிறது.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஆற்றில் தனியாக இறங்கவே கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்த 9 பேர், கம்பி வைத்த பிறகு நீந்தும் திறனையே இழந்ததாகச் சுவிட்சர்லாந்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். கை கால் பலம் இருந்தும் அவற்றை ஒத்திசைத்து அடிக்க முடியவில்லை. சிறுவயதில் ஆற்றில் ஊறியவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை; அவர்கள்தான் தயங்காமல் குதிப்பார்கள்.

வெல்டிங் நடக்கும் இடத்தில் அப்பா நிற்க வேண்டாம். தோள்வலி, முதுகுவலிக்குச் சில இடங்களில் டயதெர்மி என்று மின்னலையால் சூடு கொடுப்பார்கள். அது முற்றிலும் தடை. கம்பி வழியாகச் சூடு மூளைக்கு ஏறி உயிரே போகலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவியின் அட்டையை முதலில் காட்டுங்கள்.

அப்பா நாலு நம்பர் லாட்டரி வாங்குகிறாரா என்றும் கவனியுங்கள். பிரமிபெக்சோல் போன்ற பார்க்கின்சன் மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட ஆசையைக் கிளறிவிடும். அறுவைக்குப் பின் அந்த மாத்திரை குறைவதால் பலருக்கு அது அடங்கும். சிலருக்குப் புதிதாகவும் வரலாம். அது அப்பாவின் குணக்கேடு அல்ல, மருந்தின் வேலை. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

மின்கலம் எந்த வகை என்று அட்டையில் இருக்கும். சார்ஜ் செய்ய முடியாத வகை சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். சார்ஜ் செய்யும் வகை என்றால் பல ஆண்டுகள் வரும். மழைக்காலத்தில் கரண்ட் போகும் வீடுகளில் கடைசி நேரம்வரை காத்திருக்காமல் பாதி இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். கம்பி வைத்துப் பல வருடமானவர்களுக்குக் கருவி திடீரென்று நின்றுபோனால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, ஆபத்தான நிலைக்குப் போய்விடலாம்; அப்போது நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அளவு குறைகிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்றே மாற்றுவதற்கான தேதியையும், பணத்துக்கான விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். விண்ணப்பம் நகர மாதக்கணக்கில் ஆகும்.